துணைக்கு வந்தவரும் கண்ணைக் காட்டிக்கொள்ளட்டும்

கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் காலை வேளையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தால் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பொள்ளாச்சிப் பக்கமிருந்தோ, கோபிசெட்டிபாளையத்துப் பக்கமிருந்தோ, பல்லடத்திலிருந்தோ முதல் பேருந்தைப் பிடித்து ஒரு பெரியவர் வந்திருப்பார். அவருடைய கையைப் பிடித்து அழைத்து வந்தவர் மகனாகவோ, மகளாகவோ, தம்பியாகவோ இருப்பார். பதிவுச் சீட்டு வாங்குவது, வரிசை பார்ப்பது, சொட்டு மருந்து விட்டபின் பெரியவரைக் கண்மூடி உட்கார வைப்பது, மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்துவது என எல்லாப் பொறுப்பும் துணைக்கு வந்த அந்த ஒருவருடையதே.

பரிசோதனை முடிந்தபின் மருத்துவர் சொல்கிறார்: "ஐயா, உங்களுக்குக் கண்புரை மட்டும் இல்லை. கிளாக்கோமாவும் இருக்கிறது. வலக்கண்ணின் நரம்பு பெரும்பகுதி தேய்ந்துவிட்டது."

பெரியவர் மெல்லச் சொல்கிறார்: "பொரை முத்தட்டும்னு ரெண்டு வருசமா இருந்தனுங்க."

மருத்துவர் மகன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு வயது என்ன? நீங்கள் எப்போதாவது கண் பரிசோதனை செய்துகொண்டதுண்டா?" என்று கேட்கிறார். விடை உடனே வருகிறது: "எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க. எனக்கெதுக்குங்க?"

பெயரும் ஊரும் இங்கே வேண்டியதில்லை. கிளாக்கோமாப் பிரிவில் பணியாற்றும் எவரும் இந்த உரையாடலைப் பலமுறை கேட்டிருப்பார்கள். 'புரை முற்றட்டும்' என்ற முதல் விடை தந்தையின் ஒரு கண்ணைப் பறித்துவிட்டது. 'எனக்கு நன்றாகத் தெரிகிறது' என்ற இரண்டாவது விடை மகனின் கண்ணையும் பறிக்கக்கூடும். ஆகவே என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: கிளாக்கோமா உள்ள ஒருவருக்குத் துணையாக வந்த இரத்த உறவினர், தம் கண்களையும் பரிசோதித்துக்கொள்ளாமல், அல்லது பரிசோதனைக்கு ஒரு நாளையேனும் குறித்துக்கொள்ளாமல், மருத்துவமனையை விட்டுச் செல்லக் கூடாது.

கண்புரை கற்பித்த பாடம்

கொங்கு நாட்டில் கண் மருத்துவம் என்றவுடன் மக்கள் மனத்தில் தோன்றுவது கண்புரை அறுவையே. அதற்குத் தக்க காரணம் உண்டு. 1976-ஆம் ஆண்டில் பார்வையிழப்பைத் தடுப்பதற்கான தேசியத் திட்டத்தை நடுவண் அரசு தொடங்கியது. அதே ஆண்டில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் கோவைக் கிளை 1997-இல் வந்தது. அதற்கு முன்பே, 1977-இல் கோவையில் மருத்துவத் தொண்டைத் தொடங்கிய டாக்டர் ஆர்.வி. ரமணி, டாக்டர் ராதா ரமணி இணையரின் முயற்சி, பின்னர் சங்கரா கண் மருத்துவமனையாக வளர்ந்தது. பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் நடந்த முகாம்களிலிருந்து எத்தனையோ முதியவர்கள் பேருந்தில் ஏற்றிச் செல்லப்பட்டு, பார்வையுடன் ஊர் திரும்பினர். அது இம்மண்ணின் பெருமைக்குரிய வரலாறு.

ஆயினும் அந்த வெற்றி மக்கள் மனத்தில் ஒரு பாடத்தையும் பதித்துவிட்டது. 'மங்கிய பார்வை மருத்துவமனைக்குப் போனால் திரும்பிவிடும். சற்றுத் தாமதமானாலும் கெடுதல் இல்லை' என்பதே அந்தப் பாடம். செயற்கை லென்ஸ் பரவலாக வருவதற்கு முன்னர், புரை நன்கு முற்றிய பிறகே அறுவை செய்யும் வழக்கமும் இருந்தது. அக்காலத்துப் பேச்சு இன்றும் ஊர்ப்புறங்களில் ஓயவில்லை.

கண்புரையில் கெடுவது கண்ணின் லென்ஸ். அதை அகற்றி வேறொன்றை வைக்கலாம். கிளாக்கோமாவில் கெடுவது பார்வை நரம்பு. அதை அகற்றி வேறு நரம்பை வைக்கும் அறுவை உலகில் எங்குமே இன்று இல்லை. இழந்த பார்வையைச் சொட்டு மருந்தோ, லேசரோ, அறுவையோ மீட்டுத் தராது. எஞ்சிய பார்வையைக் காப்பது மட்டுமே அவற்றால் இயலும். எனவே கண்புரைக்குப் பொருந்தும் பொறுமை கிளாக்கோமாவுக்கு நஞ்சாகிறது. வயதானவருக்குப் பார்வை மங்கினால் அது புரையாகத்தான் இருக்கும் என்று வீட்டில் இருந்தபடியே முடிவு செய்வது ஆபத்தானது. இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்தும் இருக்கலாம். புரை அறுவைக்குப் பின்னும் பார்வை தெளியவில்லையே என்று சில குடும்பங்கள் வருந்துவதற்கு, நரம்பு முன்பே தேய்ந்திருந்ததும் ஒரு காரணமாகிறது.

கண்ணுக்குள் நடப்பது என்ன?

நம் கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் இடையறாது சுரக்கிறது. இது கன்னத்தில் வழியும் கண்ணீர் அன்று; கண்ணுக்குள்ளேயே சுரந்து, லென்சுக்கும் கருவிழிக்கும் ஊட்டம் அளித்துவிட்டு, கண்ணுக்குள்ளேயே வடியும் நீர். கருவிழியும், கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ் திரையும் சந்திக்கும் மூலையில், சல்லடை போன்ற ஒரு வடிகால் உண்டு. அம்மூலையைக் 'கோணம்' என்பர்.

நொய்யல் ஆற்றின் குளங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. குளத்துக்கு நீர் வரும் வாய்க்காலும் வேண்டும். வெளியேறும் மடையும் வேண்டும். வரத்து ஒரே அளவாக இருந்து, மடையில் வண்டல் படிந்து நீர் மெல்ல மெல்லவே வடிந்தால், கரையின்மீது அழுத்தம் ஏறும். கண்ணிலும் அவ்வாறே. வடிகால் திறந்திருந்தும் அதன் சல்லடை சரிவர வேலை செய்யாத நிலை 'திறந்த கோண' கிளாக்கோமா. ஐரிஸ் திரையே முன்னால் நகர்ந்து மடையை அடைத்துக்கொள்ளும் நிலை 'மூடிய கோண' கிளாக்கோமா.

ஏறிய அழுத்தத்தின் சுமை கண்ணின் பின்புறம் உள்ள பார்வை நரம்பின்மீது விழுகிறது. அந்நரம்பில் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிழைகள் உள்ளன. சோமனூரிலும் பல்லடத்திலும் தறி ஓட்டுபவர்களுக்குத் தெரியும்: பாவில் ஓரிரு இழைகள் அறுந்தாலும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் துணி முழுமையாகவே தோன்றும். தறிக்காரர் உடனே நிறுத்தி இழையைப் பிணைத்துவிடுவார். கண்ணின் இழைகளைப் பிணைக்க வழியில்லை, அறுந்தவை அறுந்தவையே. மேலும் மேலும் அறுந்து, துணியில் இடைவெளி தெரியும்போதுதான் நோயாளி மருத்துவரைத் தேடி வருகிறார்.

இங்கே இரண்டு குழப்பங்களை நீக்கிவிட வேண்டும். கண் அழுத்தம் வேறு. இரத்த அழுத்தம் வேறு. கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் சரியாக இருப்பதால் கண் அழுத்தமும் சரியாக இருக்கும் என்று கொள்ள முடியாது. அடுத்து, கண் அழுத்தம் பொதுவாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு எனப்படுகிறது. ஆனால் அந்த வரம்புக்குள் இருப்போர்க்கும் கிளாக்கோமா வரலாம். சென்னை கிளாக்கோமா ஆய்வில் கண்டறியப்பட்ட திறந்த கோண நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அளந்த நேரத்தில் அழுத்தம் இயல்பு வரம்புக்குள்தான் இருந்தது. ஆகையால் 'பிரஷர் நார்மல்' என்ற ஒரு சொல்லோடு நிறைவடைந்துவிடக் கூடாது. நரம்பைப் பார்த்தாக வேண்டும்.

நோய் தெரிவிக்கும் அறிகுறிகள், தெரிவிக்காத அறிகுறிகள்

திறந்த கோண கிளாக்கோமாவுக்கு வலி இல்லை; சிவப்பு இல்லை; உறுத்தல் இல்லை. நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருப்பதால் செய்தித்தாள் படிக்கலாம். ஊசியில் நூல் கோக்கலாம். பேருந்தின் ஊர்ப்பெயரையும் படித்துவிடலாம். முதலில் கெடுவது பக்கப்பார்வை. அதுவும் கருப்பு மறைப்பாகத் தெரிவதில்லை. ஒரு கண் விட்ட இடத்தை மறு கண் நிரப்புகிறது. இரண்டும் விட்ட இடத்தை மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. தமக்குக் குறை இருப்பது நோயாளிக்கே தெரியாமல் போவது இதனால்தான்.

வீட்டில் உள்ளவர்கள் கவனித்தால் சில குறிப்புகள் தென்படலாம். வரப்பில் நடக்கையில் அடிக்கடி கால் தவறுவது, நிலைக்கதவில் தோள் இடிப்பது, படி இறங்கத் தயங்குவது, இருசக்கர வாகனம் ஓட்டும்போது பக்கவாட்டில் வரும் வண்டியைக் கடைசி நொடியில் காண்பது போன்றவை அவை. ஆனால் இக்குறிப்புகள் தோன்றும் காலத்தில் நோய் முன்பே பெரிதும் முற்றியிருக்கும். எனவே இவற்றுக்காகக் காத்திருப்பதும் புரை முற்றக் காத்திருப்பதற்கு ஒப்பானதே.

மூடிய கோண கிளாக்கோமா சிலருக்கு ஓசையின்றியே வளரும். சிலருக்குத் திடீரெனத் தாக்கும். மாலையிலோ இருட்டிலோ கண் சிவந்து, தாங்க இயலாத வலி எடுத்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வருவதால் 'பித்தம்' என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ எண்ணி, வீட்டு மருந்தில் ஓர் இரவைக் கழித்துவிடுவோர் உண்டு. அந்த ஓர் இரவு கண்ணுக்குப் பேரிழப்பாகலாம். கண் சிவப்போடு வலியும் வாந்தியும் சேர்ந்தால் அது அவசர நிலை. விடியும்வரை காத்திராமல் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

93 பேர் அறியாதிருந்தனர்

தமிழகத்தின் தென் மாவட்டங்கள் மூன்றில், சிற்றூர்களில் வாழும் 40 வயதைக் கடந்த 5,150 பேரை அரவிந்த் மருத்துவக் குழுவினர் பரிசோதித்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 2.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒருவகைக் கிளாக்கோமா இருந்தது. 40 வயதைக் கடந்த 1,000 பேர் ஒரு திருமண மண்டபத்தில் கூடினால், அவர்களுள் 26 பேர் என்று எண்ணிக்கொள்ளலாம். திறந்த கோண வகை இருந்தோரில் 100-க்கு 93 பேர் அந்த ஆய்வு வரும்வரை தம் நோயை அறியவே இல்லை. ஐவரில் ஒருவருக்கு அதற்குள் ஒரு கண்ணிலேனும் பார்வை போயிருந்தது. சென்னை ஆய்வில் இதே வகை நோய், 40 வயதைக் கடந்தோரிடையே சிற்றூர்களில் ஏறத்தாழ 1.6 விழுக்காடாகவும், நகரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடாகவும் இருந்தது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு, ஊரில் உள்ள எல்லோரையும் பரிசோதித்துவிடலாமே என்று கேட்கலாம். முழுமையான கிளாக்கோமாப் பரிசோதனைக்கு நேரமும், கருவிகளும், பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். 1,000 பேரில் 26 பேரைக் கண்டுபிடிக்க 974 பேரையும் அவ்வாறு பரிசோதிப்பது எந்த நாட்டுக்கும் கடினம். ஆகவே நோய் இருக்க வாய்ப்பு மிகுந்தவர்களை முதலில் தேட வேண்டும். அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலும் நோயாளியின் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கிளாக்கோமா நோயாளிகளின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாளில் அந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 22 விழுக்காடு. நோயில்லாதவர்களின் குடும்பங்களில் அது 2.3 விழுக்காடு. ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபாடு. நம் நாட்டு எண்கள் சற்று வேறுபடலாம். ஆயினும் இரத்த உறவில் ஆபத்து மிகுதி என்பதில் மருத்துவ உலகில் கருத்து வேறுபாடு இல்லை. காத்திருப்புக் கூடத்தில் துணைக்கு வந்து அமர்ந்திருப்பவர்களைப் பற்றி நான் கவலைப்படுவதன் காரணம் இதுவே.

மறைப்பதால் யாருக்கு இழப்பு?

'எனக்குக் கிளாக்கோமா இருப்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்று வேண்டிக்கொள்ளும் நோயாளிகள் உண்டு. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் பேச்சு வரும் என்ற அச்சம். இந்த அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். நம் சமூகத்தில் அதற்கு இடமிருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த மௌனத்தின் விலையைச் செலுத்துவது யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சேதி தெரியாத அண்ணனும் தங்கையும்தான் செலுத்துகிறார்கள். பங்காளி வீட்டுக்கு நிலத்தின் எல்லையைச் சொல்கிறோம். கிணற்றின் முறைநாளைச் சொல்கிறோம். குலதெய்வக் கோயில் பொங்கலைச் சொல்லியனுப்புகிறோம். உடன்பிறந்தவரின் கண்ணைக் காக்கக்கூடிய சேதியை மட்டும் மறைப்பது எவ்வகையில் நியாயம்? கிளாக்கோமா தொற்றுநோய் அன்று. உரிய காலத்தில் கண்டறிந்து மருந்தை விடாது பயன்படுத்துவோரில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் பயன்படும் பார்வையுடன் இருக்கிறார்கள்.

சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். மாமன் மகள், அத்தை மகன், தாய்மாமன் என உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில், பிறவியிலேயே வரும் ஒருவகைக் கிளாக்கோமாவுக்கு வாய்ப்புக் கூடுகிறது. குறையுள்ள மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிள்ளைக்குச் சேர்ந்து வரும்போது இந்நோய் தோன்றுவதே காரணம். கைக்குழந்தையின் கண்கள் இயல்பைவிடப் பெரிதாக இருந்தால், 'எவ்வளவு பெரிய கண்கள்!' என்று மகிழ்வதோடு நின்றுவிடக் கூடாது. வெளிச்சத்தைக் கண்டால் குழந்தை கண்ணை இறுக மூடிக்கொள்கிறதா, ஓயாமல் கண்ணில் நீர் வடிகிறதா, கருவிழி வெண்மை பூத்து மங்கலாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருப்பின் நாள் தள்ளாமல் கொண்டுவர வேண்டும். குழந்தைகளுக்கு இந்நோயில் பெரும்பாலும் அறுவையே முதல் சிகிச்சை; காலம் தாழ்த்தாமல் செய்வதில்தான் பயன்.

நாமே வரவழைக்கும் கிளாக்கோமா

பரம்பரையைப் போலவே, நாமாக வரவழைத்துக்கொள்ளும் காரணம் ஒன்றும் உண்டு. 'மெட்ராஸ் ஐ' வந்தபோதோ, பஞ்சுத் தூசியாலும் வயல் தூசியாலும் கண் அரித்தபோதோ, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து உடனே சுகம் தந்திருக்கும். அதே குப்பியைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்கி மாதக்கணக்கில் விடுவோர் இருக்கிறார்கள். கண் அரிப்பால் அவதியுறும் பிள்ளைகளுக்கும் அவ்வாறே விடப்படுகிறது. அம்மருந்தில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு இருக்குமானால், வாரக்கணக்கில் விடும்போது ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கண் அழுத்தம் ஏறக்கூடும். சிலருக்கு மிகவும் உயரும். கிளாக்கோமாக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் குறித்த நாள்களுக்கு மேல் ஒரு சொட்டும் விடக் கூடாது. பழைய குப்பியைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கவும் கூடாது.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக்கொண்டதைச் சிலர் கண் பரிசோதனை என்று நினைத்துவிடுகிறார்கள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிடும் கண்ணிலும் கிளாக்கோமா இருக்கக்கூடும். கிளாக்கோமாவுக்கான பரிசோதனை பல படிகளைக் கொண்டது. முதலில் கண் அழுத்தத்தை அளப்பார்கள். கருவிழியின் தடிமனையும் பார்ப்பார்கள். அது மெல்லியதாக இருந்தால் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். பிறகு ஒரு சிறு கண்ணாடி வில்லையைக் கண்ணில் பொருத்தி, கோணம் திறந்திருக்கிறதா, குறுகியிருக்கிறதா என்று காண்பார்கள். அதன் பின்னர் பாவையை விரிக்கும் மருந்து விட்டு, நரம்பின் தலைப்பகுதியில் உள்ள பள்ளம் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஐயம் எழுந்தால் பார்வைப் பரப்புப் பரிசோதனையும், நரம்பிழைப் படலத்தின் தடிமனை அளக்கும் ஓசிடி படமும் எடுக்கப்படும்.

பார்வைப் பரப்புப் பரிசோதனை பலருக்குச் சலிப்பூட்டுவது. ஒரு கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு, ஓரங்களில் சிறு ஒளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். சில ஒளிகள் எவருக்குமே தெரியாத அளவு மங்கலாக இருக்கும். அதனால் 'தோற்றுவிட்டேன்' என்று கலங்க வேண்டியதில்லை. முதல்முறை சரியாக வராவிட்டால் மறுமுறை செய்யலாம்.

துணைக்கு வந்தவரின் தயக்கங்கள்

மகன் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். 'இன்று ஒரு நாள் ஷிப்டை விட்டு வந்திருக்கிறேன். இதற்கு மேல் நேரமில்லை' என்பார். அதில் நியாயம் உண்டு. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. பாவை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும்; வண்டி ஓட்டக் கூடாது. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே நாளில் மருந்து விட்டால் யார் யாரை அழைத்துப் போவது? எனவேதான் 'நாள் குறித்துக்கொண்டாவது செல்லுங்கள்' என்றேன். தந்தையின் அடுத்த பரிசோதனை நாளில் வீட்டிலிருந்து மூன்றாவது ஒருவரையும் அழைத்து வந்தால், இருவருக்கும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

'இருப்பது தெரிந்தால் பயம்தானே மிச்சம்' என்பது அடுத்த மறுப்பு. தெரிந்தால் செய்வதற்கு வழி இருக்கிறது. சுவீடனில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வொன்றில், தொடக்க நிலைக் கிளாக்கோமா உள்ளவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே சிகிச்சை அளித்தனர். மற்றவர்களைக் கூர்ந்து கண்காணித்து வந்தனர். சிகிச்சை பெற்றோரில் நோய் முற்றியது குறைவாகவும் தாமதமாகவும் இருந்தது. கண் அழுத்தம் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறையும்போதும், நோய் முற்றும் ஆபத்து ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததாக அவர்கள் கண்டனர். சொட்டு மருந்தும் லேசரும் அறுவையும் இன்று நம் ஊரிலேயே கிடைக்கின்றன. நோய் முற்றியவர்களுக்கு உதவும் வடிகால் குழாய்ச் சாதனம் ஒன்றை மதுரையின் அரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் உருவாக்கி, 2013 முதல் வழங்கி வருகிறது.

சிகிச்சை தொடங்கியபின் துணைவருவோரின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. சொட்டு மருந்து விடுவதால் பார்வை கூடுவதில்லை. ஆதலால் 'பயனில்லை' என்று பெரியவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். பார்வை குறையாமல் இருப்பதே மருந்தின் பயன் என்பதை அவர்களுக்கு நினைவூட்டிக்கொண்டே இருங்கள். ஒரு வேளைக்கு ஒரு சொட்டுப் போதும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் உள்மூலையை இரண்டு நிமிடம் விரலால் மெல்ல அழுத்தியிருக்க வேண்டும். இரு மருந்துகள் இருந்தால் இடையில் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டிமோலால் போன்ற சொட்டு மருந்துகள் அவர்களுக்கு ஒவ்வாது. குப்பி தீர்வதற்கு இரண்டு நாள் முன்பே அடுத்ததை வாங்கிவிட வேண்டும்.

இன்றே செய்யத்தக்கவை

மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கிளாக்கோமா என்று எழுதும் ஒவ்வொரு சீட்டிலும், 'உடன்பிறந்தோர், பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டனரா?' என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும். புரைக்காக நடக்கும் முகாம்களிலும், 40 வயதைக் கடந்தவர்களின் கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்க இயன்ற ஏற்பாட்டைச் செய்ய வேண்டும்.

வாசகர்களிடம் நான் கேட்பது இன்னும் எளியது. உங்களுக்குக் கிளாக்கோமா என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இன்று மாலைக்குள் உங்கள் உடன்பிறந்தோரிடமும் பிள்ளைகளிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஒரு நோயாளிக்குத் துணையாக வந்த இரத்த உறவினராக இருந்து, 40 வயதைக் கடந்திருந்தால், தவறாமல் கண்ணைக் காட்டுங்கள். வயது குறைவாயின், எப்போதிலிருந்து பரிசோதிக்க வேண்டும் என்று இந்த வருகையிலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள். முதல் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் மகிழுங்கள். ஆனால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் வாருங்கள். இன்று இல்லாத நோய் ஐந்து ஆண்டுகள் கழித்து வரலாம்.

தந்தையின் கையைப் பிடித்து அழைத்து வந்த அந்த மகனை மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவரையும் ஒருவர் கைபிடித்து அழைத்து வர நேரலாம், நேராமலும் போகலாம். அது பெருமளவுக்கு, தந்தைக்கு அருகில் உள்ள அந்தப் பரிசோதனை நாற்காலியில் அவர் இன்று அமர்கிறாரா என்பதைப் பொறுத்தது.